அளந்து ஊத்துற வெயிலு

வா பேராண்டி, இப்டி குந்து. முழங்கையை சட்டைக்குள்ள இழுத்து மறைக்காத. வெள்ளையா செதில் உதுர்றதை இந்தப் பெருசு எப்பவோ பார்த்தாச்சு. டாக்டரு சோரியாசிஸ்னு எழுதிட்டாரு, வாரத்துக்கு மூணு தபா வந்து லைட்டுல நில்லுன்னும் சொல்லிட்டாரு. நீ இன்னா பண்ண? ரெண்டு தபா போய் நின்னுட்டு, "ஒண்ணியும் காணோமே தாத்தா"ன்னு மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கினு வந்துட்ட. அந்தப் பொட்டிக்குள்ள நின்னது எவ்ளோ நேரம்? அரை நிமிஷமா? நம்ம கொருக்குப்பேட்டை கேட்டுல கூட்ஸ் வண்டி நவுறட்டும்னு நின்ன நேரத்தை மொத்தமா கூட்டினா நீ ரெண்டு டிகிரி வாங்கியிருக்கலாம். அங்க வாயைப் பொத்திக்கினு நிப்ப. உன் தோலுக்காக நில்லுன்னா மட்டும் கால் கடுக்குது.

தையில கல்யாணம்ன்ற. இப்ப புரட்டாசி பொறந்திருக்குது. வாரத்துக்கு மூணுன்னு போட்டுப் பாரு, நாப்பது தபாவுக்கு மேல வருது. சோரியாசிசுக்கு சாதாரணமா இருவது முப்பது தபா நின்னா நல்லா தெளிஞ்சு வரும்ன்றாங்க. கணக்கு உன் பக்கம்தான் இருக்குது. நீதான் கணக்கு பக்கம் இல்ல.

இந்தத் தெருவுல எம்பிபிஎஸ் படிச்சவன் ஒருத்தனும் கெடையாது, ஆனா டாக்டருங்க வூட்டுக்கு ரெண்டு பேரு. மீனைத் தொடாதன்றான் ஒருத்தன். காசிமேட்டுக்கு இம்மாம் பக்கத்துல பொறந்தவனைப் பார்த்து மீனைத் தொடாதன்னா அவனை இன்னான்னு சொல்றது? மீனுக்கும் உன் செதிலுக்கும் வாய்க்கா தகராறு ஒண்ணும் கெடையாது. கத்திரிக்காயை வுடு, கருவாட்டை வுடுன்னு பட்டியல் போட்டானுங்களே, அதுல ஒருத்தனாவது குவார்ட்டரை வுடுன்னு சொன்னானா? சொல்ல மாட்டான். சாயங்காலம் அவனே கூட வந்து குந்தணுமே. அந்தக் குடியும் பீடியும்தான்டா இதைக் கெளப்பி வுடுறது. டாக்டருங்க சொல்றதுல உனக்குப் புடிக்காத பக்கம் அது, அதனால காதுல வுழல.

ஒட்டுவாரொட்டின்னு சலூன்காரன் தனி சீப்பு எடுத்தானாமே. போய்ச் சொல்லு அவன்கிட்ட, இது ஒட்டாது. கிருமியால வர்றதே இல்ல. அடித்தோல்ல பொறக்குற அணு மேல வந்து உதிர ஒரு மாசம் போல ஆவும். உனக்கு நாலஞ்சு நாள்லயே வந்து குவியுது. உடம்பைக் காக்க வேண்டிய வெள்ளணுங்களே தோலை உசுப்பி வுடுறதால வர்ற வெனை. அந்த லைட்டு இன்னா பண்ணுதுன்னா, உசுப்புற அணுவை அடக்குது, அவசரமா பெருகுற தோலோட வேகத்தையும் கொறைக்குது. பில்லி சூனியம் எடுக்குற வேலை இல்ல. நாளாவும்.

நீ அன்னிக்கு ஒரு கேள்வி கேட்ட பாரு, அதை ராத்திரி பூரா நெனைச்சு சிரிச்சேன். "நான் வெல்டரு தாத்தா. ராயபுரத்துல தினம் வெல்டிங் வெளிச்சத்துலயே குந்திக்கினு இருக்கேன். எனக்கெதுக்கு தனியா லைட்டு?" கேள்வி தப்பில்ல நைனா. படிச்சவன் பல பேருக்கு இந்தக் கேள்வி வராது. அதுலயும் புற ஊதாதான் வருது, இதுலயும் புற ஊதாதான். அப்ப வித்தியாசம் எங்க? அந்தக் கதிருங்களை நேனோமீட்டர்னு ஒரு அளவுல அளக்குறாங்க. 400லேர்ந்து 320 வரைக்கும் ஏ. 320லேர்ந்து 280 வரைக்கும் பி. அதுக்கும் கீழ சி. சூரியன்லேர்ந்து வர்ற சி-யை ஓசோனு மேலயே புடிச்சு நிறுத்திடுது, தரைக்கு வுடாது. உன் வெல்டிங் பொறி ஏ, பி, சி மூணையும் அள்ளி வீசும். கண்ணாடி போடாம ரெண்டு ஜாயிண்ட் அடிச்சுட்டு, ராத்திரி கண்ணு அறுத்து, தண்ணி கொட்டி, உருளைக்கெழங்கு வில்லையை ஒட்டிக்கினு பொரண்டியே, அது யார் வேலைன்னு நெனைச்ச? அதே கதிருதான்.

1981ல அமெரிக்காவுல பாரிஷ், யானிக்கேன்னு ரெண்டு பேரு எந்தக் கதிரு சோரியாசிசைத் தீர்க்குது, எது சும்மா சுடுதுன்னு தோல்ல தனித்தனியா அடிச்சுப் பார்த்தாங்க. 290-க்குக் கீழ இருக்குறது தோலை செவக்க வெக்குது, வியாதியை அசைக்கக்கூட இல்ல. 313 பக்கத்துல இருக்குறதுதான் வேலை செய்யுது. அப்பால பிலிப்ஸ் கம்பெனிக்காரன் 311, 313 மட்டும் கொட்டுற மாதிரி ஒரு குழல் விளக்கு செஞ்சான். 1988 வாக்குல அதுல நின்னவங்களுக்கு குணம் தெரியுதுன்னு எழுத ஆரம்பிச்சாங்க. நேரோபேண்டுன்னு சீட்டுல எழுதியிருக்குதே, அது இதுதான். ஆளு உசரத்துக்கு குழலுங்களைச் சுத்தி நட்டு வெச்சிருப்பான். நடுவுல நீ. உன் வெல்டிங் பொறி குப்பையோட சேர்த்துக் கொட்டுறதுல, வேண்டிய அந்த ஒரு புடியை மட்டும் பொறுக்கி எடுத்துக் குடுக்குறான்.

இன்னொண்ணும் கேட்டுக்கோ. வெல்டிங் பொறி பறந்து வந்து கையில சுட்ட எடத்துலதான் புதுசு புதுசா செதில் வருதுன்னு சொன்ன இல்ல? அது தற்செயல் இல்ல. சோரியாசிஸ்காரன் தோலு கீறினாலும் சுட்டாலும் அந்த எடத்துலயே வந்து குந்தும். நகத்தால பொறுக்கினாலும் அதே கதிதான். முழுக்கை சட்டை போடுறா, கையுறை போடுறான்னு மேஸ்திரி கத்துனப்ப கேட்டிருக்கணும்.

வெல்டிங்னதும் நாபகம் வருது. நோபல் பரிசு வாங்குனதே ஒரு வெல்டிங் வெளிச்சம்தான், தெரியுமா? டென்மார்க்குல நீல்ஸ் ஃபின்சன்னு ஒரு டாக்டரு. தோல்ல காசநோய் வந்து மூஞ்சியை அரிச்சுத் தின்னுக்கினு இருந்த காலம். அந்த ஆளு ரெண்டு கரிக்கோலுக்கு நடுவுல மின்சாரத்தை வுட்டு பொறி கெளப்பினாரு. அந்த வெளிச்சத்தை குவார்ட்ஸ் கல்லுல செஞ்ச லென்சு வழியா, தண்ணியை வுட்டு சூட்டை எறக்கி, புண்ணு மேல புடிச்சாரு. சாதாக் கண்ணாடி ஆவாது, வேண்டிய கதிரை அது முழுங்கிடும். ஒரு சின்ன எடத்துக்கே மணிக்கணக்குல புடிக்கணும், அதுவும் மாசக்கணக்குல. அரை நிமிஷத்துக்கே அழுத ஆளு நீ, அங்க இருந்திருந்தா இன்னா பண்ணியிருப்பியோ. 1903ல நோபல் குடுத்தாங்க. தானே சீக்காளியா நாற்காலியில கெடந்த மனுசன், அடுத்த வருஷமே போய்ச் சேர்ந்தாரு, 43 வயசு. அதுக்கு முன்னாடியே, டென்மார்க்குல பொறந்து லண்டனுக்கு வாக்கப்பட்ட அலெக்சாண்ட்ரா இளவரசி, பொறந்த வூட்டு சீதனமா அந்த விளக்கை 1900ல லண்டன் ஆஸ்பத்திரிக்குக் குடுத்தாங்க. நம்ம வூட்டு மருமவளுங்க பொறந்த வூட்டுலேர்ந்து இன்னா எடுத்துக்கினு வராங்கன்னு நான் சொல்ல மாட்டேன், உள்ள உங்க ஆயா கேட்டுக்கினு இருக்குறா.

சரி, நம்ம ஊருக்கு வா. வெளிச்சத்தை வெச்சு வைத்தியம்ன்றது வெள்ளைக்காரன் கண்டுபுடிப்புன்னு நெனைக்காத. நாட்டு மருந்து கடையில கார்போகரிசின்னு கேளு, கறுப்பா சின்ன வெதை குடுப்பான். கொழந்தைக்கு அரைக்கிற குளியல் பொடியிலகூட போடுவாங்க. வெண்புள்ளிக்கு அதை அரைச்சுப் பூசி வெயில்ல நிக்கிறது ரொம்பப் பழைய வழக்கம். அந்த வெதைக்குள்ள இருக்குற சரக்கை 1933ல நம்ம நாட்டு ரசாயனக்காரங்க மூணு பேரு பிரிச்சு எடுத்தாங்க. சோராலென். 1940கள்ல எகிப்துல எல் மோஃப்டின்னு ஒரு டாக்டரு நைல் ஆத்தங்கரைச் செடி ஒண்ணுலேர்ந்து அதே வகை சரக்கை எடுத்து வெண்புள்ளிக்காரங்களுக்குக் குடுத்துப் பார்த்தாரு. 1974ல பாஸ்டன்ல சோராலென் மாத்திரையும் ஏ கதிரும் சேர்த்து சோரியாசிசுக்குக் குடுத்தாங்க. அதுக்கு வெச்ச பேரு பூவா. சிரிக்காதடா! நம்ம பேட்டையில பூவான்னா சோறு, அவங்க ஊர்ல பூவான்னா வைத்தியம். அந்த பூவாவை வெறும் வயித்துல முழுங்கினா குமட்டும், அதனால இந்த பூவாவையும் துன்னுட்டுத்தான் போவணும். மாத்திரை போட்ட நாள் பூரா கறுப்புக் கண்ணாடி வேற போட்டுக்கினு திரியணும். உனக்கு எழுதியிருக்குறது அது இல்ல, மாத்திரை இல்லாத நேரோபேண்டு. கர்ப்பமா இருக்குற பொண்ணுக்குக்கூட குடுக்கலாம்ன்றாங்க.

"அப்ப கார்போகரிசி எண்ணெயைத் தடவிக்கினு மொட்டை மாடியில படுத்தா துட்டு மிச்சம்தானே?" கேப்ப, தெரியும். உன் மாமன் அதைத்தான் செஞ்சான். சித்திரை மாசம், பன்னெண்டு மணி. அப்பளம்னு சொன்னா அப்பளம் கோச்சுக்கும், அப்படி கொப்புளிச்சுக்கினு வந்தான். வெயிலு இலவசம்தான், நான் இல்லைன்னு சொல்லலை. மாத்திரையை அளவா குடுத்து, எத்தினி மணிக்கு எத்தினி நிமிஷம்னு சொல்லி, வெயில்லயே நிக்க வெக்கிற டாக்டருங்களும் நம்ம நாட்டுல உண்டு. ஆனா கார்த்திகை வெயிலும் கத்திரி வெயிலும் ஒண்ணா? மேகம் மறைச்சா ஒரு அளவு, வுட்டா ஒரு அளவு. சூரியனுக்கு சுவிட்ச் இல்ல, மீட்டர் இல்ல. பொட்டிக்குள்ள ரெண்டும் இருக்குது. வெளிநாட்டுக்காரன் சாக்கடலுக்குப் போய் படுத்து சோரியாசிசை ஆத்திக்கிறான்னு யாரோ சொன்னானாமே. நெசம்தான். அந்த எடம் கடல் மட்டத்துக்கு 400 மீட்டருக்கும் கீழ கெடக்குது. கூடுதலா காத்து மேல நிக்கிறதால சுடுற கதிரு அடங்கி வருது, ரொம்ப நேரம் படுக்க முடியுது. அது சாக்கடல் ராசா. நம்மகிட்ட இருக்குற கேப்டன் காட்டன் கால்வாய் சாக்கடை. அதன் கரையில போய் படுத்துடாத, வேற சீக்கு வரும்.

உங்க பெரியம்மா வேற, "நம்ம பாப்பாவுக்கு மஞ்சக் காமாலைன்னு ஆர்எஸ்ஆர்எம் ஆஸ்பத்திரியில லைட்ல வெச்சாங்களே, அதே லைட்டுதான்டா"ன்னு உன்னைக் கொழப்பிட்டா. அது வேற. அது நீல வெளிச்சம், 460 பக்கம், கண்ணுக்குத் தெரியிற சாதி. புற ஊதாவே இல்ல. அதோட கதை இன்னும் சோக்கா இருக்கும். 1950கள்ல இங்கிலாந்துல ராச்ஃபோர்டுன்னு ஒரு ஊரு ஆஸ்பத்திரி. வார்டுன்னு ஒரு நர்ஸம்மா, கொழந்தைங்களை வெளிய எடுத்துக்கினு போய் வெயில் காட்டுறது வழக்கம். ஒரு நாள் ஒரு கொழந்தையைக் கொண்டாந்து காட்டுனா, துணி மூடுன எடத்துல மட்டும் மஞ்சள், மிச்ச எடமெல்லாம் வெளுத்திருக்குது. பெரிய டாக்டருங்க பார்த்து முழிச்சாங்க. 1958ல அதைப் பத்தி எழுதுனது அச்சுல வந்துச்சு. அப்ப ஒரு நர்ஸம்மா கண்ணுக்குத் தெரிஞ்சது. இப்ப உங்க பெரியம்மா கண்ணுக்கு எல்லா லைட்டும் ஒண்ணா தெரியுது.

அதைவிட மோசம், போன்ல ஆர்டர் பண்ணி ஊதா லைட்டு வாங்கிக்கலாம்னு நீ போட்ட பிளானு. கொரோனா காலத்துல கிருமி கொல்றதுக்குன்னு வித்தானுங்களே, வூட்டுத் தண்ணி பில்ட்டர்ல உள்ள எரியுதே, அது சி சாதி, 254. கிருமியைக் கொல்றது உன் தோலையும் கண்ணையும் மட்டும் மடியில வெச்சுத் தாலாட்டுமா? வூட்டுல வெச்சுக்குற மாதிரி சின்ன நேரோபேண்டு விளக்குங்களும் இருக்குது, டாக்டரு எழுதிக் குடுத்து, அளவு சொல்லி, அவரு கண்ணுல பட்டுக்கினு இருக்கணும். நீ அந்தச் சாதி ஆளு இல்ல. ரெண்டு நிமிஷம்னு சொன்னா, சீக்கிரம் ஆறட்டும்னு இருவது நிமிஷம் நிப்ப.

இந்த அவசரம்தான்டா உன் வியாதி, மிச்சதெல்லாம் செதிலு. காசிமேட்டுல கருவாடு காயப்போடுற கெழவியைப் போய்ப் பாரு. ஒரே நாள்ல காய வெச்சு வித்துடலாம்னு அவ நெருப்புல போட மாட்டா. மழை வந்துச்சு, மருமவ வந்தான்னு நாலு நாள் திருப்பாம வுடவும் மாட்டா. லைட்டுக்காரனும் அப்டித்தான். மொத நாள் கொஞ்சூண்டு. அடுத்த தபா பத்துல ஒரு பங்கோ அஞ்சுல ஒரு பங்கோ ஏத்துவான். ரெண்டு தபாவுக்கு நடுவுல ஒரு நாளாவது வுடுவான், ஏன்னா செவப்பு மறுநாள்தான் முழுசா தெரியும். லேசா செவந்து ஒரே நாள்ல அடங்குச்சுன்னா சரி. எரிஞ்சுது, வலிச்சுதுன்னா அடுத்த தபா பொட்டிக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி சொல்லணும். வீரம் காட்டுறதா நெனைச்சு சொல்லாம போனவனுங்க கொப்புளத்தோட திரும்பியிருக்கானுங்க. ஒரு வாரம் மட்டம் போட்டுட்டுப் போனா அளவைக் கொறைப்பாங்க, மாசக்கணக்குல மட்டம் போட்டா திரும்ப ஆனா ஆவன்னாதான்.

இன்னும் கொஞ்சம் வெக்கக்கேடான சமாச்சாரம் இருக்குது, ஆயா உள்ள போவட்டும். ம், போய்ட்டா. பொட்டிக்குள்ள கண்ணுக்கு அவங்க குடுக்குற கண்ணாடி. ஆம்பளைக்கு கீழயும் மறைப்பு வேணும், சந்ததி வேணும்னா. அதுல ஒரு சூட்சுமம். மொத நாள் எந்த அளவு ஜட்டி போட்டியோ கடைசி நாள் வரைக்கும் அதே அளவுதான். இருவதாவது தபா சின்னதா ஒண்ணை மாட்டிக்கினு போய் நின்னேன்னு வெச்சுக்கோ, புதுசா வெளிய வந்த எடத்துக்கு அதுதான் மொத நாளு, ஆனா வுழற வெளிச்சம் இருவதாம் நாளு. ஒரு வாரத்துக்கு உன்னால பைக்ல குந்த முடியாது. தலைமுடியும் அப்டித்தான். நடுவுல திருத்தணிக்குப் போய் மொட்டை போட்டுக்கினு நேரா பொட்டிக்குள்ள நுழைஞ்சா முருகன் வந்து குறுக்க நிக்க மாட்டாரு. முன்னாடியே சொல்லிடு. சாலிசிலிக் களிம்பைக் கெட்டியா அப்பிக்கினு போவாத, வெளிச்சத்தை அது தடுத்துடும். வேற எந்த வியாதிக்கு எந்த மாத்திரை துன்றன்னும் ஒண்ணு விடாம சொல்லு. வெயிலை ஆவாததா ஆக்குற மாத்திரைங்க நெறைய இருக்குது. லூப்பஸ்னு ஒரு வாத வியாதி இருக்குறவங்களை இந்த லைட்டு பக்கமே வுடக்கூடாது.

புற்று வருமான்னு கேட்டியே. பூவாவை வருஷக்கணக்குல எடுத்த வெள்ளைத் தோல்காரங்களுக்கு வந்திருக்குது, மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. நேரோபேண்டுல அந்த அளவுக்கு யாரும் பார்க்கலை, நம்ம கறுப்புத் தோலு கொஞ்சம் தாங்கும். அப்டியும் மொத்தம் எத்தினி தபா நின்னன்னு சீட்டுல எழுதி வெக்கிறாங்க இல்ல, அது அழகுக்கு இல்ல. பீடி கட்டு மேல எச்சரிக்கைப் படம் போட்டதை தினம் பார்த்துக்கினே பத்த வெக்கிறவன், லைட்டைப் பார்த்து பயப்படுறான். நல்லா இருக்குது.

எதிர் வூட்டுப் பொண்ணைப் பாரு, வெண்புள்ளிக்கு நிக்குது. அதுக்கு உன்னைவிட ஜாஸ்தி நாளாவும், ஆறு மாசம் நிக்காம பலன் உண்டா இல்லையான்னு பேசவே கூடாது. மீனும் பாலும் சேர்த்துத் துன்னதால வந்துச்சுன்னு இந்தத் தெருவே அதைக் கொதறி எடுத்துச்சு. சுத்தப் பீலா. நெறம் குடுக்குற அணுவை உடம்பே அழிச்சுக்குற சமாச்சாரம் அது. ஒரு நாள் அந்தப் பொண்ணு ஓடியாந்து, "தாத்தா, வெள்ளைக்குள்ள புள்ளி புள்ளியா கறுப்பா வருது, வியாதி மாறிப்போச்சா?"ன்னு அழுவுது. அழுவாத கண்ணு, பூரிக்கணும்னு சொன்னேன். மயிர்க்காலுக்குள்ள ஒளிஞ்சுக்கினு இருந்த நெற அணுங்க வெளிச்சம் கூப்ட்டதும் வெளிய வருது. ஒவ்வொரு முடியைச் சுத்தியும் ஒரு புள்ளி வந்து, புள்ளிங்க சேர்ந்து தோலு மூடும். அதனாலதான் மூஞ்சி சீக்கிரம் கேக்குது. வெரல் நுனி, உதடு, முடி இல்லாத எடம், முடியே நரைச்ச எடம், இதெல்லாம் புடிவாதம் புடிக்கும். ஆறாவது மாசம் அது கன்னத்துல பாதி மூடிக்கிச்சு. கேட்டு போட்டா போடட்டும்னு கொருக்குப்பேட்டை ஸ்டேஷன்ல பீச் வண்டி ஏறி, அடுத்த ஸ்டேஷன் வண்ணாரப்பேட்டையில எறங்கி ஆஸ்பத்திரிக்குப் போவுது. நீ வண்டி வெச்சுக்கினு கேட்டைச் சாக்கு சொல்ற.

பொட்டலம் விக்கிறானே ஒருத்தன், ஒரே வாரத்துல செதிலு போவும்னு, அவன்கிட்ட போவாத. போவும்தான். மறைச்சுக் கலந்த ஸ்டீராய்டு இருந்தா எல்லாம் போவும். நிறுத்தினப்பால ஒண்ணு பத்தா திரும்பி வரும், காய்ச்சலோட உடம்பு பூரா செவந்து வார்டுல சேர்க்குற அளவுக்கு. அவன் போர்டுல போட்டிருக்குற படத்துல மொத படமும் ரெண்டாவது படமும் ஒரே ஆளு கெடையாதுன்னு உனக்குத் தெரியலை, ஆயாவுக்கு கண்ணுல பொரை, அதுக்கே தெரிஞ்சுச்சு.

கூலி நாள் போவுதேன்ற. அதுல நான் கிண்டல் பண்ண மாட்டேன். வாரத்துல மூணு காலைன்றது வெல்டருக்கு சின்ன விஷயம் இல்ல. கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரின்னு எங்க ஆளுங்க கூப்புடுற ஸ்டான்லிக்கு ஓபி சீட்டோட போறவங்கள்ல பாதிப் பேரு இந்தக் கணக்கைத்தான் போட்டுக்கினு நிக்கிறாங்க. பஞ்சத்துல 1782ல கஞ்சி ஊத்த ஆரம்பிச்ச எடம் அது. அன்னிக்கு கஞ்சிக்கு நின்னாங்க, இன்னிக்கு மருந்துக்கு நிக்கிறாங்க. மேஸ்திரிகிட்ட நான் பேசுறேன். திங்கள், புதன், வெள்ளி பதினோரு மணிக்கு வரட்டும், சாயங்காலம் கூட ஒரு மணி நேரம் நிக்கட்டும்னு. அவன் எனக்கு அம்பது ரூபா கடன் பாக்கி வெச்சிருக்கான், ஒத்துப்பான்.

மூட்டு வலி வந்தா மட்டும் மறைக்காத. காலையில வெரலு மடக்க முடியாம வெறச்சு நின்னா அது இதே வியாதியோட தம்பி, லைட்டுக்கு அடங்காது, வேற மாத்திரை வேணும். தையில தெளிஞ்சப்பால ஆடியில திரும்ப எட்டிப்பார்த்தாலும் ஓன்னு அழாத. அது அப்டி வந்து போற சாதிதான். திரும்பப் போய் நிக்கணும்.

பொண்ணு வூட்டுல சொல்லிட்டியா? இல்ல. தெரியும். தாலி கட்டினப்பால சட்டையைக் கழட்டி அதுக்கு ஆச்சரியம் குடுக்கலாம்னு இருக்கியா? அடுத்த மாசம் ஒரு ஞாயித்துக்கெழமை கெளம்பு. தண்டையார்பேட்டைக்கு நானும் கூட வரேன். ஒட்டாது, உசுரு போவாது, பையன் ஒழுங்கா லைட்டுல நிக்கிறான், சீட்டைப் பாருன்னு நானே எடுத்துச் சொல்றேன். எனக்கு வாய் இருக்குது, உனக்கு அதுக்குள்ள அந்தச் சீட்டுல பன்னெண்டு கையெழுத்தாவது இருக்கணும். அந்த பூவா உனக்கு எழுதலை, பரவால்ல. இந்த பூவா எனக்கு வேணும். பிரியாணி, மட்டன்ல. கோழியை வெச்சு ஏமாத்தாதன்னு இப்பவே போன் போட்டு சொல்லிடு.